பாலம் வரை உருண்ட பைக்

15.08.2004, ஞாயிறு

ரவி தன் பைக் சக்கரங்களுக்கு செராமிக் பேரிங் போட்டிருக்கிறான். துபாயில் இருக்கும் அண்ணன் அனுப்பியதாம். காலையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து பசறை டவுனுக்கு இறங்கும்போது, பெட்ரோலை மிச்சம் பிடிக்க வழக்கம்போல் இருவரும் இஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டோம். எப்போதும் இரண்டு பைக்கும் கோயிலடியில்தான் நிற்கும். இன்று என்னுடையது அங்கேயே நின்றது. அவனுடையது பாலம் வரை போனது.

"பாத்தியா மச்சான், எல்லாம் பேரிங் செய்ற வேல" என்றான்.

அவன் பின்னால் உட்கார்ந்திருந்த மலர் சிரித்தாள். பிள்ளைமடுவத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். போன வாரம் நான் கூப்பிட்டபோது, "இல்லைங்க, பஸ்லயே போய்க்கிறேன்" என்றவள்.

அந்தப் பேரிங்கால் ஒரு மண்ணும் இல்லை என்று காட்டாமல் எனக்கு ஆறவில்லை. சாயங்காலம் ஒரு கோதுமை மா மூட்டையைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு, அதே இறக்கத்தில் தனியாக உருண்டேன். என் பழைய பேரிங்கோடு பாலத்தையும் தாண்டினேன். பின்னால் பாரம் இருந்தால் எந்த பைக்கும் தூரம் போகும். அவ்வளவுதான் விஷயம்.

நாளைக்கே ரவியின் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். ஆனால் உன் பின்னால் யார் இருந்தது என்று கேட்பான்.