கொசுவலையில் ஓர் ஓட்டை

அன்புள்ளவளுக்கு,

நான் நலம். உன் முதுகுவலியும் சின்னவன் சளியும் தேவலையா?

வீடு வீடாகப் போய், முன்பு கொடுத்த, மருந்து தோய்த்த கொசுவலைகளில் எத்தனை ஓட்டை என்று எண்ணுவதுதான் இங்கே என் வேலை. நேற்று ஓர் அம்மா, "எண்ணினா போதுமா? தைச்சுக் குடுத்துட்டுப் போப்பா" என்று உட்காரவைத்துவிட்டார். தைத்தேன். கூட வந்த சூப்பர்வைசர் சிரித்தார். "மருந்து இருந்தா சின்ன ஓட்டை பெருசில்ல. அடிக்கடி துவைச்சு வெயில்ல போட்டாத்தான் மருந்து வீணாப்போகும்."

நம் பாப்பாவைக் காய்ச்சல் கொண்டுபோனது நீ தைக்காமல் விட்ட ஓட்டையால் என்றுதானே இன்னும் அழுகிறாய்? வாரம் தவறாமல் அந்த மருந்து வலையைத் துவைத்து மாடியில் காயப்போட்டவன் நான்.

சின்னவனுக்குப் புது வலை கட்டு. வண்டி வந்துவிட்டது. அந்த ஓட்டையைத் தைக்க அன்று நீ நூல் கோத்து வைத்து, பிறகு தொடாமலே விட்ட ஊசியை எடு. அடுத்த மாதம் வருகிறேன், என் சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடு.