வெறும் வயிற்று மூச்சு

ஹெப்பகோடி,
செவ்வாய்க்கிழமை

என்னங்க,

வயிறு உப்பிக்கொண்டே இருப்பதால் இன்று மூச்சுப் பரிசோதனைக்குப் போனேன். குடலில் கிருமி பெருகியிருக்கிறதா என்று பார்ப்பார்களாம். சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே ஒரு பையில் ஊதச் சொன்னார்கள். அதற்குள்ளேயே மெஷினில் வாயு அளவு ஏறியிருந்ததைப் பார்த்த லேப் பெண், "வெறும் வயித்தோட வரச் சொன்னேனே. நைட்டு மொச்சை சாப்ட்டீங்களாம்மா? இந்த சீசன்ல எல்லாரும் இப்படித்தான் வந்து நிக்கிறாங்க" என்றாள்.

சத்தியமாக நான் சாப்பிடவில்லை. மொச்சைக் குழம்பும் சோறும் உங்கள் படத்துக்கு முன்னால் படைத்த தட்டில்தான் இருந்தன. வழக்கம்போல விடிந்ததும் தட்டு காலி. நீங்கள் வந்து போகிறீர்கள் என்றுதான் இத்தனை நாளும் சந்தோஷமாக இருந்தேன்.

இன்றும் படைத்திருக்கிறேன். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு படுக்கப்போகிறேன்.

எப்படியாவது வந்து சாப்பிட்டுவிடுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி