ஆயத்த வகுப்பில் அப்பா

என் அன்பு மகளுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை விடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே ஓடாமல் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நீ அனுப்பிய நீளமான மெசேஜை இரண்டு தரம் படித்தேன். போனில் கூப்பிட்டால் நான் மட்டும்தான் பேசுவேன் என்று அப்பா சொல்வதால் கடிதமாகவே பதில் போடுகிறேன். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரி, சாப்பிடும் முன் ஏன் கண்ணை மூடுகிறாய் என்று கேட்டாளாம், நீ கண் எரிச்சல் என்று சமாளித்தாயாம், அவள் மறுநாள் சொட்டு மருந்து வாங்கி வந்து கொடுத்தாளாம். நான் சிரித்த சிரிப்பில், பார்லரில் தலைக்கு டை போட உட்கார்ந்திருந்த அம்மாள் பயந்தே போனார். பிறகுதான் நீ எவ்வளவு வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய் என்று உறைத்தது. யாராவது கேட்டால் என் விசுவாசத்தைப் பற்றிச் சொல்ல நான் ஆயத்தமாகவே இல்லையே அம்மா, சபையில் நீ படித்த ஆயத்த வகுப்பு ஃபைலை எனக்கு அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். ஃபைலை அனுப்பப் போவதில்லை, கோபப்படாதே. அந்த ஃபைலை வைத்துக்கொண்டு நான் உன் அப்பாவையே தொலைக்கப் பார்த்தேன். போனில் உன்னிடம் மறைத்தது அதுதான், இப்போது அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

வகுப்பு பத்து வாரம், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்னால் நாற்காலி அடுக்குகிற அறையில். நடத்தியவர் ரிட்டையர் ஆன கணக்கு டீச்சர், கேட்கவா வேண்டும், விசுவாசத்துக்கும் படிப்படியாக வழிமுறை எழுதிக் கொடுத்தார். யார் என்ன கேட்டால் எந்த வசனம், எந்தப் பக்கம் என்று மஞ்சள், பச்சை, சிவப்பில் சீட்டு ஒட்டி வைத்துக்கொண்டேன். பழகிப் பார்க்க நம் பியூட்டி பார்லரை விட்டால் வேறு நல்ல இடம் ஏது? டை போட்டுவிட்டால் முப்பது நிமிஷம் யாரும் எழுந்து போக முடியாது. ஒரு வக்கீல் அம்மா மட்டும் பன்னிரண்டாம் நிமிஷமே எழுந்து, தலையை வீட்டில் போய்க் கழுவிக்கொள்கிறேன் என்று தலையில் துண்டோடு ஓடிவிட்டார். இது தெரிந்ததும் அப்பா, லிஃப்ட்ல மாட்டினவங்களை நான் முதல்ல கதவைத் திறந்து வெளியே விடுவேன், அப்புறம்தான் பேசுவேன், நீ பூட்டி வச்சுப் பேசுறியேன்னு கேட்டார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஊழியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எட்டாம் வாரம் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து பழக வேண்டும், ஒருவர் தன் விசுவாசத்தைச் சாட்சியாகச் சொல்ல, மற்றவர் விசுவாசமே இல்லாதவராக நடிக்க வேண்டும். என் ஜோடிக்குக் காய்ச்சல். என்னைக் கூட்டிப் போக வந்து வாசலில் ஸ்கூட்டர் மேல் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவை டீச்சர் விடாப்பிடியாக உள்ளே இழுத்து வந்து என் எதிரே உட்கார வைத்தார், கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் அச்சடித்த தாளையும் கையில் கொடுத்தார். அப்பா கண்ணாடி போட்டு மூன்றையும் படித்தார், தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். என் தம்பி ஆறு மாசம் படுக்கையில கிடந்தான், இந்தச் சபையே ஜெபம் பண்ணிச்சு, நானும் பண்ணேன், அவன் போயிட்டான், நாலு வருஷமா நான் கண்ணை மட்டும்தான் மூடுறேன், உள்ளே ஒண்ணுமில்ல, இதுக்கு உங்க ஃபைல்ல எந்தப் பக்கம்னு கேட்டார். அறை முழுக்கக் கைதட்டல். இந்த நடிப்பை இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க அண்ணான்னு டீச்சர் கேட்டார். கைதட்டாதவள் நான் ஒருத்திதான். உன் அப்பாவின் நடிப்பு உனக்குத் தெரியாதா, நான் வீட்டில் இல்லை என்று சொல்லுங்கள் என்று போனைக் கொடுத்தால், இல்லைன்னு சொல்லச் சொல்றா என்று சொல்கிற மனுஷன்.

எனக்குப் பயம் வந்துவிட்டது, கண்ணு. முப்பத்தொரு வருஷம் பக்கத்தில் நின்று பாட்டுப் புத்தகம் பிடித்தவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் ஊருக்கு உபதேசம் பண்ணியிருக்கிறேன். அந்தப் பயத்தில் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். மறுநாளிலிருந்து அவர் டிபன் பாக்ஸில் தினம் ஒரு வசனச் சீட்டு வைத்தேன். மூன்று நாளும் சாப்பிட்டு முடித்துச் சீட்டை நாலாக மடித்து, காலி டப்பாவுக்குள் வைத்து அப்படியே திருப்பிக் கொண்டு வந்தார். வீட்டில் என்னைப் பார்த்தால் ஸ்கூட்டர் துடைக்கப் போய்விடுவார். நாலாம் சீட்டை எழுதும்போதுதான் மண்டையில் ஏறியது. சித்தப்பா போனதிலிருந்து, அந்தப் பேச்சை எடுத்தால் இவர் வாடிவிடுவார் என்று நான்தான் ஒவ்வொரு தரமும் பேச்சை மாற்றியிருக்கிறேன். ஒரு கேள்விகூடக் கேட்காமல் பதிலாகவே பரிமாறியிருக்கிறேன். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, முழங்கால் வலியோடு மண்டியிட்டு, ஆண்டவரே என் வாயைக் கொஞ்ச நாளைக்குக் கட்டி வையும் என்று ஜெபம் பண்ணினேன். பத்து வாரத்தில் நான் உருப்படியாக ஆயத்தப்பட்டது அந்த ஐந்து நிமிஷம்தான்.

சனிக்கிழமை மத்தியானம் பார்லரில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவருக்கு முடிவெட்ட உட்கார வைத்தேன், மாசாமாசம் நான்தானே வெட்டிவிடுகிறேன். கழுத்தில் துணியைக் கட்டி, ஒரு பக்கம் வெட்டிவிட்டு, கடைசி நாள் ஆஸ்பத்திரியில உங்க தம்பி என்னங்க பேசினார்னு கேட்டேன். கேட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டேன், என்னைத் தெரியுமல்லவா. மடியில் விழுந்த முடியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தார். அண்ணா, எனக்காக ஒரு ஜெபம் பண்ணு, சத்தமா, என் காதுல விழணும்னு சித்தப்பா கேட்டிருக்கிறார். இவருக்கு வாய்விட்டு ஜெபம் பண்ணிப் பழக்கமே இல்லை, வார்த்தை வரவில்லை, பாஸ்டர் வந்துகிட்டிருக்கார்டா, அவர் பண்ணுவார்னு சொல்லிவிட்டாராம். பாஸ்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண்டவர் மேல எனக்குக் கோபமில்ல, எந்த மூஞ்சியை வச்சுகிட்டு அவர்கிட்ட பேசுறதுன்னுதான் தெரியலன்னு சொன்னார்.

ஃபைலில் இருந்த ஒரு பக்கம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு அழுதேன். எனக்கும் பதில் தெரியலைங்க, ஆனா அவர் உங்களை விட்டுட்டார்னு நான் நம்பல, நீங்க பேச மாட்டீங்களான்னு காத்துகிட்டிருக்கார்னுதான் நம்புறேன், அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும் என்றேன். பிறகு, அன்னிக்கு வார்த்தை வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்கன்னு கேட்டேன். அப்பா பாதி வெட்டின தலையோடு கண்ணை மூடி, திக்கித் திக்கி நாலு வரி சொன்னார். ஆண்டவரே, என் தம்பி பயப்படுறான், கூட இரும் என்று தொடங்கியது, மிச்சம் அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சி, இடது பக்கம் இன்னும் வெட்டலை என்றார்.

அதற்காக மறுநாளே அப்பா பிரசங்கியார் ஆகிவிட்டார் என்று நினைக்காதே, இப்போதும் பாட்டுக்கு உதடு மட்டும்தான் அசைகிறது. ஆனால் காலையில் வேலைக்குப் போகும் முன் ஸ்கூட்டர் பக்கத்தில் இரண்டு நிமிஷம் நிற்கிறார், நான் எட்டிப் பார்ப்பதில்லை. கடைசி வாரம் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள், சிறந்த நடிப்பு என்று அப்பாவுக்கு ஒரு பேனா கொடுத்தார்கள், அந்தப் பேனாவில்தான் இதை எழுதுகிறேன். டீச்சரையும் குறை சொல்லாதே, பாவம், நல்லவர், அந்த வசனங்களெல்லாம் நல்ல வசனங்கள்தான், நான்தான் ஆளைப் பார்க்காமல் எடுத்து வீசினேன். உன் பக்கத்து மேஜைக்காரியிடம் முதலில் கண் எரிச்சல் பொய் என்று சொல்லிவிடு, மருந்து வாங்கிக் கொடுத்த பிள்ளைக்கு உண்மை தெரிய வேண்டும். ஏன் கேட்டாள் என்று கேள், அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே விழாதே, அந்த விஷயத்தில் என்னைப் போல் இருக்காதே. உன் முறை வந்தால் உனக்கு நிச்சயமானதைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். அதற்கு முன்னால் தினமும் அவளுக்காக ஜெபம் பண்ணு, அவள் பெயரை எனக்கும் எழுது.

ஸ்வெட்டர் பின்ன உன் கை நீளம் எழுதச் சொன்னேனே, இன்னும் வரவில்லை. நீ போகும்போதும் வரும்போதும் ஆண்டவர் உன் கூடவே இருந்து காக்கட்டும், அவர் சமாதானம் உன் அறையில் நிறைந்திருக்கட்டும். மறந்துவிடாதே, வருகிற மாதம் முதல் ஞாயிறு, உன் ஊர் நேரப்படி காலை எட்டு மணிக்கு அப்பா போன் பண்ணுவார். உனக்காகச் சத்தமாக ஜெபம் பண்ணப் போகிறாராம், அவர் வாயாலேயே சொன்னார், நான் பக்கத்தில் இருக்கக் கூடாதாம். ஹலோ சொன்னதும் ரொம்ப நேரம் சத்தமே வராது. லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, கண்ணு. அவர் அங்கேதான் இருப்பார், காத்திரு.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா