இடது நாற்பத்தொன்று

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்றும் இடது 41, வலது 59. ஜூனிலும் இதே, ஜூலையிலும் இதே. இடது முழங்கால் மூட்டு ஆபரேஷன் முடிந்து பத்து மாதம்.

சைக்கிளுக்கு ஸ்டாண்டு கிடையாது, இந்தக் கொடைக்கானலில் சமதரையும் கிடையாது. வழக்கம்போல் இடது பெடலை நம் கடைப்படி விளிம்பில் ஊன்றி நிறுத்தி, பூஜ்யம் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பூஜ்யம் வைப்பது என்றால், ‘இப்போது யாரும் மிதிக்கவில்லை’ என்று பெடலுக்குள் இருக்கும் கருவிக்குச் சொல்வது. அதன் பிறகு எந்தக் கால் நூற்றுக்கு எவ்வளவு மிதிக்கிறது என்று அது சொல்லும். ஏரியை இரண்டு சுற்று சுற்றினேன். 41.

பிசியோதெரபி பார்க்கும் ஜெயப்பிரியா அக்கா கறார். “இடது நாப்பத்தஞ்சத் தொடட்டும் ஷிபானா. அப்புறம் பழனி ரோட்டுல ஏறு. அதுவரைக்கும் ஏரிதான்.”

பழனியிலிருந்து பெருமாள்மலை வரை. போன வருடம் அந்த ரோட்டில்தான் விழுந்தேன். அதனாலேயே ஏற வேண்டும்.

ஆகஸ்ட் 7

அக்கா இன்று என் பெடலைப் பார்த்து முகம் சுளித்தார். ஷூவை விடுவிக்கக் குதிகாலை வெளியே திருப்ப வேண்டும். இந்தப் பெரிய பெடலில் அது ரொம்ப இறுக்கம், மூட்டு முறுகுகிறது. சின்ன வகைக்கு மாறச் சொன்னார்.

விசாரித்தேன். கருவி நடு அச்சில்தான் இருக்கிறதாம். மேலே இருக்கும் உடலை மட்டும் உருவிவிட்டு வேறு உடல் மாட்டலாமாம், சட்டை மாற்றுவது போல. கேட்டதிலிருந்து கை பரபரக்கிறது.

ஆகஸ்ட் 16

புது உடல் பார்சலில் வந்துவிட்டது! வீட்டுக்காரர் சஜ்ஜாத் ஜும்ஆ தொழுகையிலிருந்து திரும்புவதற்குள் பிரித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மழை, கடையில் ஈ காக்கை இல்லை. வீட்டு ஹாலில் பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். மூடியைத் திறந்து, பேட்டரியை எடுத்து, நட்டைக் கழற்றினால் பழைய உடல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே பென்சில் பருமனில் ஒரு அச்சு. இத்தனை மாதமாக என்னை ஆட்டி வைத்தது இதுதானா?

புது உடலை மாட்டியதும் நட்டை சஜ்ஜாத் அவர் பலத்துக்கு முறுக்கிவிட்டார். பெடல் சுற்றவே இல்லை. கொஞ்சம் தளர்த்தினேன், சுற்றியது. அவர் சீட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்க, பூஜ்யம் வைத்தேன்.

ஆகஸ்ட் 19

நேற்று வைத்த பூஜ்யத்தோடேயே ஏரிக்குப் போனேன். இடது 47. நாற்பத்தேழு!

மாலை: இரண்டு வாரத்தில் ஆறு கூடுமா? மாடிப்படி இன்னும் கஷ்டப்பட்டுத்தானே ஏறுகிறேன்? அக்காவிடம் சொல்லவில்லை. புது உடல் பொய் சொன்னால்? அதை நம்பி ஏறி, பாதி மலையில் மூட்டு கைவிட்டுவிட்டால்? மறுபடி மதுரை ஆஸ்பத்திரி, மறுபடி கட்டு. என்னால முடியாது.

“நல்லாத்தானே காட்டுது, அத ஏன் நோண்டுற?” என்றார் சஜ்ஜாத்.

“நல்லாக் காட்டுறதாலதாங்க நோண்டுறேன்.”

ஆகஸ்ட் 21

பழைய உடலையே திரும்ப மாட்டினேன், அதே ஹாலில், அதே போல அவர் தூக்கிப் பிடிக்கப் பூஜ்யமும் வைத்தேன். ஏரிக்குப் போய்ப் பார்த்தால் மறுபடியும் 47. அப்படியானால் உடல் காரணமில்லை. பின்னே என்ன?

ஆகஸ்ட் 22

காலையில் பழைய வழக்கப்படி கடைப்படியில் ஊன்றி, பூஜ்யம் வைத்துப் போனேன். 41.

ஏரிக்கரையிலேயே இறங்கி நின்றுவிட்டேன். படி! ஹாலில் தூக்கிப் பிடித்தபோது பெடலை எதுவும் தொடவில்லை; கடையில் ஊன்றி நிற்கும்போது படி இடது பெடலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளலைத்தான் ‘யாரும் மிதிக்கவில்லை’ என்று தினமும் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் கால் மிதித்ததில் அவ்வளவையும் அது கழித்துக்கொண்டே வந்திருக்கிறது.

முதலில் சிரிப்பு, பிறகு அழுகை. எல்லாப் படியிலும் வலது காலை முன்னால் வைத்து, இடதைத் தாங்கித் தாங்கி... நல்லாருந்த காலப் போய் நொண்டியாக்கி வச்சிருந்தேனே.

ஆகஸ்ட் 23

அக்கா எண்ணை நம்பவில்லை. நாற்காலியிலிருந்து இடது காலை மட்டும் ஊன்றி எழுந்திருக்கச் சொன்னார், இருபது முறை. முடிந்தது. அவர் முகத்தில் சிரிப்பு.

“காலு எப்பவோ தேறிருச்சு. சின்னப் பெடல மாட்டிட்டு, வெள்ளனே கெளம்பிரு. வலிச்சா இறங்கிரணும்.”

ஆகஸ்ட் 25

சின்ன உடலை மாட்டியாயிற்று. இந்த முறை இருபதே நிமிடம். நட்டை சஜ்ஜாத்திடம் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

விடியற்காலையில் சஜ்ஜாத் காரில் பழனிக்குக் கூட்டிப்போனார். ரோட்டோரம் அவர் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, நான் பூஜ்யம் வைத்தேன். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

விழுந்த வளைவை இன்று அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லா வளைவும் ஒரே மாதிரி இருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பெருமாள்மலை. டீக்கடைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்ததும் அக்கா போன் செய்தார்.

“இடது காலு எப்படி இருக்கு?”

“வலிக்குதுக்கா.”

“வலது?”

“அதுவும்தான். ரெண்டும் ஒரே மாதிரி வலிக்குது.”