நித்யாவின் ஆகஸ்ட் ரோஸ்டர்

ஜூலை 20, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ஏர்போர்ட் பஸ் ஹெப்பாளில் வழக்கம்போல் நின்றது.

செய்ய வேண்டியவை: ஆகஸ்ட் ரோஸ்டர். கேஸ் புக்கிங். சின்னவளுக்கு ரெயின்கோட். பல் டாக்டர் (இந்த முறையாவது).

பதினொரு மணிக்கு மேனேஜர் ஸ்ரீநாத் சார் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொல்லி நல்ல சேதி சொன்னதே கிடையாது. புது விமானங்கள் இந்த வருஷம் வராதாம். அடுத்த வருஷமும் உறுதியில்லையாம். அவற்றுக்கென்று எடுத்த கேபின் க்ரூவில் முப்பத்தெட்டுப் பேரை அனுப்புகிறார்கள். கடிதம் அடுத்த திங்கள். ஆனால் யார் எந்த நாள் எந்த ஃப்ளைட்டில் என்று நான் போடும் ரோஸ்டர் இந்த வியாழனே போயாக வேண்டும். அதில் அவர்கள் வரியை மட்டும் காலியாக விடச் சொல்கிறார்.

"யாரிகூ ஹேள்பேடி மேடம், யார்கிட்டயும் சொல்லாதீங்க. யாராவது கேட்டா சிஸ்டம் அப்டேட் ஆகுதுன்னு சொல்லிடுங்க."

எங்கள் பிரிவுக்கும் பட்டியல் உண்டா என்றுதான் முதலில் கேட்டேன். இப்போதைக்கு இல்லையாம். அதன் பிறகுதான் பெயர்களைப் படித்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

இருபத்தாறாவது பெயர் நித்யா. கீழ் வீட்டு வசந்தா அக்காவின் மகள்.

பேங்க் கவுண்டரில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவளை, "புது ப்ளேன் வரிசையா வருதுடி, ஆளே பத்தல" என்று இழுத்து வந்தது நான்தான். வேலை கிடைத்த அன்று வ. அக்கா சந்து முழுக்க லட்டு கொடுத்தார். எனக்கு மட்டும் நாலு.

ஜூலை 21, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது, போய்விட்டது. கேஸ் புக் பண்ணியாயிற்று.

ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் வ. அக்கா முருங்கைக் கீரையோடு மாடிக்கு வந்தார்.

"ஏம்மா, நித்யாவ ஒரு ஓட்டல்ல ரிசப்ஷனுக்குக் கூப்டறாங்க. உங்க கம்பெனில ஆள கொறைக்கப் போறாங்கன்னு யாரோ சொன்னாங்கன்னு பயந்துகினு, அவளே போய் இன்டர்வியூ குட்த்துட்டு வந்துட்டா. வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். ஆடில போய் புது வேலையான்னு எனக்கு இருக்குது. நீ இன்னா சொல்ற?"

வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"வியாழக்கெழம ரோஸ்டர் வரும்க்கா. அதப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக நினைப்பு எனக்கு. காலி வரியைப் பார்த்தால் அவர்களே புரிந்துகொள்வார்கள். வெள்ளிக்கு ஒரு நாள் இருக்கிறது. நான் வாய் திறந்ததாகவும் ஆகாது.

ஜூலை 22, புதன்

மழை. ரெயின்கோட் வாங்க மறந்ததற்குச் சின்னவளிடம் திட்டு.

முப்பத்தேழு வரிகளைக் காலி செய்தேன். ஒரு ஆளுக்கு ஒரு வரி, ஒரு நாளுக்கு ஒரு கட்டம். அழித்தால் வெள்ளையாகிவிடுகிறது. நித்யாவின் வரியைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

மதியம் ஸ்ரீநாத் சார் கொஞ்சம் மலர்ச்சியாக வந்தார். குத்தகைக்கு இரண்டு விமானங்கள் பேசுகிறார்களாம். "ஆயித்து அந்த்ரே, அது அமைஞ்சா, பத்துப் பேர் தப்பிப்பாங்க மேடம்." எந்தப் பத்து என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

எங்கள் வேலையில் ஒன்று உண்டு. ரோஸ்டரில் ஏறிவிட்ட பெயரை யாரும் லேசில் தொடமாட்டார்கள். ஒரு ஆளை எடுத்தால் அந்த ஃப்ளைட்டுக்கு வேறு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சட்டப்படி தர வேண்டிய ஓய்வு மணி இடிக்கும். அதைச் சரிசெய்தால் இன்னொரு ஆள் நகர வேண்டும். பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன், ஏறின பெயர் ஏறினதுதான். பத்துப் பேரைப் பொறுக்கும்போது ஏற்கெனவே வரியில் இருப்பவளைத்தான் முதலில் வைத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன்.

மூன்று மணிக்கு நித்யாவின் வரியை நிரப்பினேன். கோவை, கொச்சி, புனே. அவள் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்கும் போர்ட் பிளேர், இரண்டு முறை. ஓய்வு நாளையும் குறித்துவிட்டேன், ஒரு கட்டம் பாக்கியில்லை.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுதவில்லை.

ஜூலை 23, வியாழன்

மாலை ஐந்துக்கு ரோஸ்டர் போனது. ஐந்து பத்துக்குப் போன்கள்.

"மேம், என் லைன் பிளாங்க்கா வருது."

"சிஸ்டம் அப்டேட் ஆகுதும்மா."

இருபத்தோரு முறை சொன்னேன். ஒருத்தி கேட்டுவிட்டும் போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் வ. அக்கா கிண்ணத்தில் கேசரியோடு நிற்கிறார். ரோஸ்டரை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டியாகிவிட்டதாம். அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனால் மகள் எந்த ஊருக்குப் போகிறாள் என்பது ஏர்போர்ட்டின் மூன்றெழுத்துக் குறியைப் பார்த்தாலே தெரியும்.

"ஒரு நாள் காலி இல்லம்மா! அவ கூட்டாளிங்களுக்கெல்லாம் ஒன்னுமே இல்லியாம், அழுவுறாங்களாம். அம்மன் நம்மள காப்பாத்திட்டா."

நின்றுகொண்டே கேசரி சாப்பிட்டேன். முந்திரி நிறையப் போட்டிருந்தார்.

ஜூலை 24, வெள்ளி

காலையில் படிக்கட்டில் நித்யா. தலையில் துண்டு.

"அக்கா, ஓட்டலுக்கு வேணாம்னு மெயில் போட்டுடட்டுமா? போடலாம் இல்ல?"

"உன் இஷ்டம்டி."

அது பதிலா? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிவிட்டேன். நேரமெல்லாம் ஆகவில்லை. ஸ்டாப்பில் இருபது நிமிஷம் நின்றேன்.

குத்தகைப் பேச்சு பற்றி நாள் முழுக்க ஒரு தகவலும் இல்லை. சாப்பிடும்போது ஸ்ரீநாத் சாரைக் கேட்டேன். "நோடோண" என்றார். பார்க்கலாமாம்.

தலைவலி. மாத்திரை இரண்டு.

ஜூலை 27, திங்கள்

பத்து மணிக்குக் கடிதங்கள் போயின. முப்பத்தெட்டு. ஒன்றும் குறையவில்லை. குத்தகைக்காரர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்களாம்.

ஸ்ரீநாத் சார் நித்யாவின் வரியைக் காட்டினார். "இந்தப் பொண்ணு எப்படி ரோஸ்டர்ல இருக்கா மேடம்?"

"தப்பா ஏறிடுச்சு சார்."

"தெகதுபிடி."

எடுத்தேன். வேறு ஆட்களைப் போட்டு, ஓய்வு மணியெல்லாம் சரிபார்த்து நாற்பது நிமிஷம். பதினாறு வருஷமாக நான் நம்பிக்கொண்டிருந்த பெரிய தலைவலி நாற்பது நிமிஷத்தில் முடிந்தது.

மத்தியானம் நித்யா போன். ஓட்டலுக்குப் பேசிப் பார்த்தாளாம், வேறு ஆள் எடுத்தாகிவிட்டதாம். அழவில்லை. "நீங்க இன்னா பண்ணுவீங்க அக்கா, சிஸ்டம் தப்பு" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

ஆமாம் என்றேன்.

பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 28, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. லீவு போட்டேன்.

வ. அக்கா கோயிலுக்குக் கூழ் வாங்கப் போன நேரம் பார்த்துக் கீழே இறங்கினேன். நித்யா தரையில் உட்கார்ந்து, திருப்பித் தர வேண்டியவற்றை அடுக்கிக்கொண்டிருந்தாள். யூனிஃபார்ம் மூன்று, ஸ்கார்ஃப் இரண்டு, பேட்ஜ், பெட்டி.

சிஸ்டம் இல்லை, நான்தான் என்று சொன்னேன். ஆரம்பத்திலிருந்து எல்லாம் சொன்னேன். போர்ட் பிளேர் போட்டதையும்.

மடித்த ஸ்கார்ஃபைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"சும்மா உட்டிருக்கலாமேக்கா. காலியா இருந்திருந்தா எனக்கே புரிஞ்சிருக்கும். வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் இருந்துச்சே."

வாசலில் செருப்புச் சத்தம். நித்யா குரலைத் தாழ்த்தினாள். "அம்மாக்கு சிஸ்டம் தப்புன்னே இருக்கட்டும். தெரிஞ்சா தாங்காது அது."

வ. அக்கா தூக்குவாளியோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளர் எடுத்து, முதல் கூழை எனக்கு ஊற்றி நீட்டினார்.

"குடிம்மா. உனக்கு எத்தினி பேருக்குப் பதில் சொல்ற வேலையோ, பாவம். மொகமே வாடிப் போச்சு."

நித்யா நிமிரவில்லை. நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன்.