பென்சிலில் ஏறிய கறுப்பு

ராஜகீழ்ப்பாக்கம்,
புதன்கிழமை, அஸர் தொழுத பிறகு.

அன்பு மச்சானுக்கு ஜஹீராவின் ஸலாம். அந்த ஊர் வெயிலிலிருந்தும் உங்கள் ஃபோர்மேன் வாயிலிருந்தும் அல்லாஹ் உங்களைக் காப்பாற்றட்டும்.

போன ஞாயிறு சாயங்காலம் நம் நகர் நலச்சங்கக் கூட்டத்தில் இருந்தவர்கள்: தலைவர் சிட்டிபாபு சார், அவர் பக்கத்தில் உங்கள் தம்பி ஃபைஸ், சங்கிலி பறிகொடுத்த எதிர்வீட்டு அங்காளம்மாள் அக்கா, அக்காவின் மகன், தெருக் கேமராவைச் சரிசெய்ய வந்து ஏணியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆள், நம் ஷபீனா, நான். வேறு ஒரு ஈ காக்கை கிடையாது. ஊரே கூடியிருந்த இடத்தில் அண்ணி குரலை உயர்த்தினார் என்று ஃபைஸ் உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் ஆளை எண்ணி எழுதுகிறேன். குரலை உயர்த்தியது மட்டும் உண்மை.

போனில் பேசினால் ‘சரி சரி, அப்புறம் பார்க்கலாம்’ என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. ஷபீனாவின் தோழி மெஹ்னாஸுடைய அத்தா வெள்ளிக்கிழமை ராத்திரி தம்மாமுக்குப் புறப்படுகிறார். நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். பாட்டிலை ஈரக் கையால் தொடாதீர்கள்.

மோட்டார் மறுபடி ஓடுகிறது. ஷபீனா பரீட்சை முடித்துவிட்டாள். நல்ல செய்தி அவ்வளவுதான்.

இனி நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஃபைஸ் சொன்னதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள்.

சங்கிலி போன அன்று காலையில் நான் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே அங்காளம்மாள் அக்கா பால் வாங்கிக்கொண்டு வந்தார். பைக்கில் இரண்டு பேர். ஓட்டியவன் ஹெல்மெட் போட்டிருந்தான், பின்னால் இருந்தவன் போடவில்லை. அவன் சங்கிலியை இழுத்தான், அக்கா விழுந்தார், நான் கத்தினேன். கத்திய சத்தத்துக்கு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒடுங்கிய தாடை, இடது புருவத்தில் ஒரு வெட்டு, கோதுமை நிறம். அந்த முகம் இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

கேமரா அப்போது வேலை செய்யவில்லை. சிட்டிபாபு சார் வந்து, ‘சிஸ்டர், கேமரா புட்டுக்கிச்சு. இனிமே உங்க கண்ணுதான் கேமரா. ஒரு படம் போட்டுக் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்’ என்றார். நான் முகம் வரைகிறவள் இல்லை. முருங்கைக் கொத்து, இட்லிச் சட்டி, கொடியில் காயும் துணி, இவைதான் என் படங்கள். உருவம் கொடுப்பது படைத்தவன் வேலை, அதனால் முகம் வேண்டாம் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. நீங்கள் சொல்லி வைத்ததில்லை, ஜமாஅத் சொல்லி வைத்ததில்லை. ஆனால் அக்கா முழங்கையில் ரத்தத்தோடு நம் ஹாலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பிஸ்மி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இங்கேதான் பென்சில் விஷயம் வருகிறது. சிரிக்காதீர்கள். தாம்பரம் மார்க்கெட்டில் நான் ஒரு பென்சில் பொறுக்கி முடிப்பதற்குள் நீங்கள் டீ குடித்து, பேப்பர் படித்து, அறுந்த செருப்பையும் தைத்துக்கொண்டு வந்தீர்களே, அந்த விஷயம்தான்.

நல்ல மிருதுவான பென்சில் எது என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, வாங்கி வாங்கி ஏமாந்து கற்றுக்கொண்டேன். கரி, மரத்துக்கு நடுவில் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் சீவச் சீவ உடைந்துகொண்டே இருக்கும். தாளில் இழுக்கும்போது மணல் உரசுவதுபோல் இருந்தால் எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் வேண்டாம். மெல்ல இழுத்தால் சாம்பல், அழுத்தினால் கறுப்பு, இரண்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். பி-க்கு முன்னால் எண் ஏற ஏறக் கறுப்பும் ஏறும். வீட்டுக் கணக்கு எழுத எனக்கு 2பி. விரல் வலிக்காது, மறுநாள் கை பட்டாலும் எண் கலையாது. இந்தக் கடிதமும் அதில்தான், பேனா பிடித்தால் கோபத்தில் தாள் கிழிகிறது. இலை, காய் வரைய 4பி. 6பி இருக்கிறதே, அது குடத்தின் உள்பக்கம், கதவிடுக்கு மாதிரி இருட்டான இடத்துக்கு மட்டும். அதில் அழுத்தவே வேண்டாம். தொட்டால் கறுப்பு, கை பட்டால் பக்கமெல்லாம் கறுப்பு. ஷபீனா காலேஜுக்கு வாங்கும்போது எனக்கும் ஒன்று வாங்கி வந்து, ‘ம்மா, இது எழுத இல்ல, நிழலுக்கு’ என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அன்றைக்கு 2பி-யில் தாடையும் புருவமும் சரியாகவே வந்துவிட்டன. கன்னத்துக்கு லேசாக நிழல் கொடுத்தால் முகம் எழுந்து நிற்கும் என்று தோன்றியது. 4பி கைக்குக் கிடைக்கவில்லை. தேடாமல், அவசரத்தில், 6பி-யை எடுத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. வரைய வரைய என் உள்ளங்கை கன்னத்தின் மேலேயே போய் வந்திருக்கிறது. நெற்றி, மூக்கு, கழுத்து எல்லாம் கரி. ஒற்றி எடுக்கலாம் என்று ரப்பரைத் தேடப் போனேன். திரும்பி வருவதற்குள் சிட்டிபாபு சார் டியூப்லைட்டுக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். அவருடைய நிழலும் சேர்ந்துகொண்டது. இன்னும் முடியவில்லை சார் என்றேன். ‘இதுவே அம்சமா கீது சிஸ்டர்’ என்றார். நான் கோதுமை நிறத்தில் பார்த்தவன் படத்தில் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டான். படம் ஸ்டேஷனுக்குப் போனது. என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அந்த வாரமே பெரும்பாக்கம் குடிசை மாற்றுக் குடியிருப்பில் ஒருவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். பெயர் மோகன்ராஜ். நம் பக்கத்துத் தெருக்களுக்கு வாட்டர் கேன் போடுகிறவன். கறுப்பு, புருவத்தில் பழைய தழும்பு. சங்க வாட்ஸ்அப்பில் என் படத்தையும் அவன் போட்டோவையும் அக்கம்பக்கமாகப் போட்டு எனக்குக் கைதட்டல் அனுப்பினார்கள். மச்சான், அவன் தாடை அகலம். கண் வேறு. நான் பார்த்தவன் அவன் இல்லவே இல்லை. சங்கிலியும் அவனிடம் கிடைக்கவில்லை. உடனே சிட்டிபாபு சாருக்குப் போன் செய்து சொன்னேன். குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று வைத்துவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை அவன் அம்மா முனியம்மா நம் கேட்டுக்கு வந்தார். ‘நீதான் வரைஞ்சியாமே. எம்புள்ள உன் வூட்டுக்கு எப்பம்மா கேன் போட்டான்? அவன நீ எங்க பாத்த?’ என்று கேட்டார். பார்த்ததே இல்லை என்றேன். ‘பாக்காமயே இம்மாம் கரெக்டா வரைஞ்சிகிறியே, உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்’ என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கேன் தண்ணியா, குழா தண்ணியா என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தார். அவன் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். தங்கச்சிக்குப் பூ வைக்க வருவதாக இருந்தவர்கள் இப்போது போனையே எடுப்பதில்லையாம். போகும்போது, ‘நீ கெட்டவ இல்லம்மா. ஆனா கெட்டது செஞ்சிட்ட’ என்றார்.

அதைத்தான் ஞாயிறு கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அவன் இல்லை, என் படம் தப்பு என்றேன். சிட்டிபாபு சார், ‘படத்துல தப்புன்னா போலீசு புடிச்சதுலயும் தப்பா? அந்தப் பக்கத்துப் பசங்கள்லாம் இன்னா யோக்கியனுங்களா?’ என்றார். கறுப்பாக இருந்தால் போதுமா சார் என்று கேட்டேன். ‘நானே கறுப்புதான் சிஸ்டர்’ என்று சிரித்தார். நீங்கள் பெரும்பாக்கத்தில் குடியிருந்தால் உங்களையும் பிடித்திருப்பார்கள் சார் என்றேன். ஏணியில் இருந்தவர் ஸ்குரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டார். குரல் உயர்ந்தது இந்த இடத்தில்தான். இப்போது நினைத்தாலும் அதற்காக எனக்கு வருத்தமில்லை.

அங்காளம்மாள் அக்கா, ‘போனது என் சங்கிலி, உனக்கு அவன் மேல இரக்கமாடி? உன்னப் போய் கூடப்பொறந்தவன்னு நெனச்சேனே’ என்றார். அது மட்டும்தான் வலித்தது. அவன் எடுக்காத சங்கிலியை அவனிடமிருந்து எப்படி அக்கா வாங்குவீர்கள் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து நான் வாசலுக்கு வந்தால் அவர் கதவு சாத்திக்கொள்கிறது.

வெளியே வந்ததும் ஃபைஸ், ‘அண்ணி, இந்தத் தெருவுல நம்ம ஆளுங்க வீடு இது ஒண்ணுதான். நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா யாரு வருவா? கம்முனு இருங்க’ என்றார். அவர் பயம் பொய்யான பயம் இல்லை. ஆனால் கம்மென்று இருந்துவிட்டால் மட்டும் யார் வரப்போகிறார்கள்?

திங்கட்கிழமை ஷபீனாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மறுபடி ஒரு முகம் வரைய மனம் வரவில்லை. ஒரே எலுமிச்சம்பழத்தை 2பி-யில் ஒரு முறையும், 6பி-யில் வரைந்து கையால் தேய்த்து ஒரு முறையும் போட்டு எடுத்துப் போனேன். இரண்டாவது சப்போட்டா மாதிரி இருந்தது. எஸ்.ஐ. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘ஏம்மா, ஜாமீன் எலுமிச்சம்பழத்துக்கா, சப்போட்டாவுக்கா?’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஷபீனாவுக்கு அழுகை வந்துவிட்டது. நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே நாற்காலியைக் காட்டி, இந்த முறை கேலியில்லாமல் சொன்னார்: ‘எழுதிக் குடுக்கறது ஈசி. கோர்ட்ல கேப்பாங்க. வரைஞ்சதும் நீங்க, இல்லேன்றதும் நீங்க, எது பொய்னு. கேஸ் உங்க மேலயே திரும்பும். வீட்டுக்காரர்கிட்ட கேட்டுக்கினு வாங்க.’

நான் உங்களிடம் கேட்கவில்லை மச்சான், சொல்கிறேன். வரும் திங்கட்கிழமை அவன் ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது. இலவச சட்ட உதவியில் வக்கீல் ஜெயஸ்ரீ வாதாடுகிறார். வரைந்தவளே நேரில் வந்து, இவன் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வெளியே வர வழி பிறக்கலாம் என்கிறார். பிறக்கலாம் என்றுதான் சொன்னார், பிறக்கும் என்று சொல்லவில்லை. நான் போகிறேன்.

முகம் வரைந்தது எனக்கும் படைத்தவனுக்கும் நடுவில் உள்ளது. ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து அழுது கேட்கிறேன், அவன் மன்னிக்கிறவன். மோகன்ராஜுக்குச் செய்தது அப்படியில்லை. மனிதனுக்குச் செய்த கெடுதலை அந்த மனிதன் மன்னித்தால்தான் உண்டு என்று மதரஸாவில் நம் இரண்டு பேருக்குமே சொல்லித் தந்திருக்கிறார்கள். ஐந்து ரூபாய் கணக்கில் உதைத்தாலே பழைய பக்கமெல்லாம் புரட்டுகிறவள் நான். இங்கே ஒரு ஆளே உதைக்கிறான். எப்படிக் கோடு போட்டு மூடுவேன்?

எவனோ ஒருத்தனுக்காக உனக்கென்ன வந்தது என்று போனில் கேட்டீர்கள். பதில் இதுதான். நீங்கள் எனக்குத்தான் மச்சான். அந்த ஊரில் நீங்களும் எவனோ ஒருத்தன்தான். வேலை முடிந்து கேம்ப்புக்கு நடந்து வருகிற வழியில் யாரோ எதையோ பறிகொடுத்து, உங்கள் நிறத்தில் ஒரு முகத்தைப் போலீஸுக்குக் காட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். அவர் இல்லை என்று சொல்லத் தெரிந்தவள் ஒருத்தி, புருஷன் திட்டுவாரே என்று வீட்டுக்குள் இருந்துவிட்டால், நான் இங்கிருந்து யார் காலைப் பிடிப்பேன்?

போ என்று சொன்னால் நிம்மதியாகப் போவேன். போகாதே என்றால் அதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போவேன். நீங்கள் ஒன்றுமே சொல்லாமல் இருந்தால்தான் எனக்குக் கால் நடுங்கும்.

உங்கள் உடம்பையும் மானத்தையும் அல்லாஹ் காத்து, நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். கடிதம் கிடைத்ததும், ஞாயிற்றுக்கிழமைக்குள், எனக்குப் பதில் சொல்லுங்கள்.

உங்கள்
ஜஹீரா