என் வெள்ளணுக்கள் பார்த்திராத வைரஸ்

ஜூன் 3
தம்பிக்கு என் எலும்பு மஜ்ஜையை ஏற்றி இன்றோடு நாற்பத்திரண்டு நாள். ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை நாலாயிரம். போன வாரம் அறுநூறுதான். பலர் உடம்பில் சும்மா தூங்கிக் கிடக்கிற வைரஸாம். எதிர்ப்புச் சக்தி இல்லையென்றதும் அவனுக்குள் விழித்துக்கொண்டது.

"உங்க உடம்பு இந்த வைரஸைப் பார்த்ததே இல்ல. அதான் நீங்க குடுத்த வெள்ளணுவுக்கு அதை அடையாளம் தெரியல" என்றார் டாக்டரம்மா.

காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். அதுவே இப்போது வினையாகிவிட்டது.

ஜூன் 6
ஒன்பதாயிரம். நடக்கிறேன், உட்கார்கிறேன், மறுபடி நடக்கிறேன். "அக்கா, தரை தேஞ்சிடும்" என்கிறான் தம்பி.

ஜூன் 7
என் வெள்ளணுக்கள் தம்பியின் உடம்பையே தாக்காதபடி அடக்கி வைக்க ஒரு மாத்திரை. அதன் அளவு ரத்தத்தில் அதிகமாம். பாதியாகக் குறைத்துவிட்டார்கள்.

ஜூன் 12
அவன் உள்ளங்கையில் சிவப்புத் தடிப்பு. அரிக்கிறதாம். என்னோடதுதான் அவனைத் தாக்க ஆரம்பிச்சிடுச்சா?

ஜூன் 13
ஐயோ. ரத்தத்தில் மாத்திரை அளவு பார்க்கும் நாளில் ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை கொடுக்க வேண்டும். ஏழாம் தேதி எட்டு மணிக்கே, வழக்கம்போலக் கொடுத்துவிட்டேன். ரத்தம் எடுத்தது பத்து மணிக்கு. அதிகமா காட்டாம என்ன செய்யும்? அதை நம்பிக் குறைச்சிட்டாங்க. என்னாலதான். சொல்லணுமா? தடிப்பு தானாவே அடங்கிட்டா? — அடங்கலன்னா?

ஜூன் 14
சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். "தெரிஞ்ச உடனே நேத்தே போன் பண்ணியிருக்கணும்மா." மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார், தடிப்புக்குக் களிம்பு எழுதினார். ரத்தமும் எடுத்தார்கள்: வைரஸ் எவ்வளவு, அதைக் கண்டால் வெள்ளணுக்கள் எழுகின்றனவா என்று பார்க்க.

தம்பியிடமும் சொன்னேன். "விடுக்கா" என்றான். எப்படி விடுவது?

ஜூன் 18
எண்ணூறு! வைரஸைக் காட்டியதும் என் வெள்ளணுக்கள் அடையாளம் கண்டு எழுகின்றனவாம்.

"மாத்திரை குறைஞ்சது உதவியிருக்கலாம். ஆனா தப்பு தப்புதான். இதுவே உயிருக்கு ஆபத்தாகியிருக்கும்" என்றார் டாக்டரம்மா. சந்தோஷப்படவே வெட்கமாக இருந்தது.

"உன்னோடதாச்சே, பாடம் மண்டையில ஏற லேட்டாகும்" என்றான் தம்பி.

ஜூன் 27
வைரஸ் இல்லை. தடிப்பும் மங்கிவிட்டது. நம்பப் பயமாக இருக்கிறது.

ஜூலை 9
என்னிடம் சொல்லாமல் முகக்கவசம் மாட்டிக்கொண்டு தெருமுனைவரை நடந்துவிட்டு வந்திருக்கிறான். காட்டுக் கத்தல் கத்தினேன். அவனும் விடவில்லை. "நான் என்ன பச்சப்புள்ளையா?" என்று கதவைப் படாரென்று சாத்திக்கொண்டான்.

அவனுக்கு நோய் வந்த பிறகு நாங்கள் போட்ட முதல் சண்டை.